இருப்புக் கணக்கு

டன்லப் தெருவில்
கடைசி மேசையும் துடைத்தாயிற்று.
மாதத்தின் முப்பதாம் இரவு.
தராசும் டார்ச்சும் கசங்கிய ரசீதுகளுமாகக்
கிடங்குக்குள் நுழைகிறேன்.

வெங்காயம் முதலில்.
மூட்டை இருபத்து நான்கு வெள்ளி.
பன்னிரண்டாய் எடுத்தால் பத்து விழுக்காடு கழிவு என்றார்
பாசிர் பாஞ்சாங் மொத்த வியாபாரி சியா.
முதலாளியம்மா ரெங்கநாயகி
பன்னிரண்டுக்கும் தலையாட்டினார்.
மழை மாதம், காற்றில்லாத அறை.
இரண்டு மூட்டை அடியில் கறுத்து ஒழுகிக்
குப்பைத்தொட்டிக்குப் போயின.
அதற்கும் தமிழில்
கழிவு என்றே பெயர்.

ரசீதின் அடியில் ஒன்பது விழுக்காடு வரி.
பெரிய கடையென்றால்
கட்டியதைக் காலாண்டு முடிவில்
கேட்டு வாங்கிக்கொள்ளும்;
அதன் பருப்புக்குப் பருப்பின் விலை மட்டும்.
நாங்கள் மில்லியனைத் தொடாதவர்கள்,
வரிக்குப் பதியாதவர்கள்.
எங்கள் வரி திரும்பி வராது.
குழம்பில் போட்ட உப்பு,
எடுத்துக் காட்டு என்றால் எதைக் காட்டுவது?

கூட்டிக் கழித்து வகுத்தேன்.
தேவைக்கு மட்டும், கழிவில்லாமல் வாங்கியிருந்தால்
மூட்டை இருபத்தாறு வெள்ளி பதினாறு காசு.
கழிவு கிடைத்ததால்
இருபத்தெட்டு வெள்ளி இருபத்தைந்து காசு.
இன்னொரு முறை வகுத்தேன்.
அதேதான்.
நாளை அம்மா முதல் காப்பியைக் குடித்து முடித்தபிறகு
சொல்ல வேண்டும்.

அடுத்து, தக்காளி வந்த நீலக் கூடைகள்.
ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு வெள்ளி வைப்புத்தொகை.
அதைத் தக்காளி விலையில் ஏற்றக்கூடாது.
சியாவின் பெட்டியில் கிடந்தாலும் எங்கள் பணம்;
கூடை போனால் காசு வரும்.
எரிவாயு உருளைக்கும் அப்படித்தான்.
எனக்கு முன்னால் இருந்தவர்
அத்தனையையும் சரக்கில் சேர்த்துவிட,
ஒரு மாதம் முழுக்க
பொன்விலையில் கொதித்ததாம் எங்கள் ரசம்.

வந்தது இருபது கூடை.
எண்ணினால் பத்தொன்பது.

இருபதாவது பின்சந்தில் இருந்தது.
அதைக் கவிழ்த்து, மேலே உட்கார்ந்து,
ஓடு மாற்றுவதா தளம் போடுவதா என்று
கைபேசியில் மனைவியோடு வாதாடிக்கொண்டிருந்தார்
சமையல்காரர் வைரக்கண்ணு.

அவர் பெயரிலும் ஒரு வைப்பு உண்டு.
ஐயாயிரம் வெள்ளிப் பிணை,
அவர் ஊருக்கு விமானம் ஏறினால் விடுபடும்.
மாதாமாதம் ஒரு தீர்வையும் உண்டு;
அது திரும்பாது.
இரண்டு தாளும் என் கோப்பில்தான் இருக்கின்றன,
எரிவாயு உருளைக்கு அடுத்த உறையில்.
இத்தனை மாதத்தில் ஒரு தடவையும்
அடுத்தடுத்துப் படித்ததில்லை.

"கூடை வேணுமா கணக்கக்கா?"
பாதி எழுந்துவிட்டார்.
உட்காருங்க என்றேன்.

படிவத்தில் எழுதினேன்:
கூடை இருபது.
குறிப்பு: ஒன்று பயன்பாட்டில்.

விளக்கை அணைத்துப் பூட்டியபிறகுதான்
நினைவு வந்தது,
தயிரை எண்ணவேயில்லை.