படித்திறன் ஒன்று

நாலாம் குறுக்குத் தெருவில் கடை திறக்கும் முன்
இருபத்து நான்கு தடவை நிறுத்தோம்.
இரவல் படிக்கற்களைச் சன்னாசி தூக்கி வைப்பார்,
நான் எழுதுவேன்.
ஐந்து கிலோவில் தொடங்கி ஐந்தைந்தாய் அறுபது வரை,
பிறகு அறுபதிலிருந்து திரும்பக் கீழே.
வெங்காயத் தோல் ஒன்று பறந்து வந்து
கொப்பிக்குள் படுத்துக்கொண்டது.

முறைப்பாடு இதுதான்:
நாட்டாமைமாருக்குக் கூலி கிலோக் கணக்கில்,
தராசு கொஞ்சம் விழுங்குகிறதாம்.
மஹ்ரூப் முதலாளி கோபப்படவில்லை.
"நிறுத்துப் பாருங்க தங்கச்சி, எனக்கும் தெரியணும்"
என்று பிளேன்டீ அனுப்பினார்.

இரவு, வெள்ளவத்தையில்,
மின்விசிறிக்குக் கீழே கோடு பொருத்தினேன்.
படித்திறன்: பூச்சியம் தசம் ஒன்பது எட்டு இரண்டு.
கணினி மூன்று நட்சத்திரம் போட்டது.
பக்கத்தில் எண்பத்தொன்பது என்று ஒரு பெரிய எண்,
கல்யாண வீட்டுச் சோடனை மாதிரி.
அது சோதித்தது எதை?
படித்திறன் பூச்சியமா என்று.
அதாவது, மூட்டையை வைத்தால்
முள் அசைகிறதா என்று.
அசைகிறது ஐயா.
கூரையிலிருக்கும் காகத்துக்கும் அது தெரியும்.

நான் கேட்டது வேறு.
வைத்த ஒரு கிலோ
ஒரு கிலோவாகவே திரும்பி வருகிறதா?

கையால் போட்டேன்.
கிடைத்ததில் ஒன்றைக் கழி, நியம வழுவால் வகு.
நட்சத்திரங்கள் உதிர்ந்தன.
மறை ஒன்று தசம் ஆறு நான்கு.
எல்லைக்கோடு இரண்டைச் சற்றுத் தாண்டி;
அதுவரை இது எட்டவில்லை.
'ஒன்று அல்ல' என்று சொல்ல எனக்கு இடமில்லை.

இந்த வரியை மட்டும் கொடுத்திருந்தால்
முதலாளி அதைக் கண்ணாடி போட்டு
கல்லாவுக்கு மேல் மாட்டியிருப்பார்.

ஆனால் இடைவெளியையும் வரைந்திருந்தேன்,
நூற்றோராம் இலக்க பஸ் போல அது நீளம்.
ஒன்று அதில் இருக்கிறது,
பின் மிதிபலகையில், ஒற்றைக் காலில்.
தசம் ஒன்பது ஆறும் இருக்கிறது,
சாரதிக்குப் பின்னால்.
இரண்டு பேரிடமும் டிக்கட் உண்டு.

"அப்ப தராசு சரியா புள்ள, தப்பா?"
ஒரு நாளைக்கு எவ்வளவு சுமப்பீங்க, என்றேன்.
"மூணு டன்னு வரும்."
தசம் ஒன்பது ஆறு என்றால்
நூற்றிருபது கிலோ தினமும் காற்றில்.
ஒன்று என்றால் ஒன்றுமில்லை.
இருபத்து நான்கு புள்ளிகளுக்கு
இதற்குமேல் பார்வை தெரியாது.

இன்னும் நிறுக்க வேண்டும், என்றேன்.
"எத்தன தரம்?"
நூறு.

துறைமுகப் பக்கம் வானம் கறுத்திருந்தது.
சாரத்தை மடித்துக் கட்டி
முதல் கல்லைத் தூக்கியவர்
பாதியில் நின்று கேட்டார்:
"இந்தச் செமைக்கு யாரு கூலி?"

கொப்பியில் அதற்கு
நான் நிரல் கீறியிருக்கவில்லை.