நாற்பத்து மூன்று கிலோ இருநூறு

அப்பாவின் வேஸ்ட் பனியன் குடோனில்
ஞாயிறு காலை தராசில் ஏறி நின்றேன்.
நாற்பத்து மூன்று கிலோ இருநூறு.
தராசுக்குப் பொய் சொல்ல வராது.
பையில் கல் போட்டு ஏறியிருக்கலாம்,
இறங்கிய பிறகுதான் தோன்றியது.

படிவத்தில் ஐம்பது என்று எழுதினேன்.
கேப்டன் ஜஃப்ரின் மேலும் கீழும் பார்த்துவிட்டு
"செரி, ஆளு பத்தல" என்றாள்.
அப்படித்தான் ரக்பிக்குள் வந்தேன்,
ஏழு பேர் ஆட்டத்தில் ஏழாவதாக,
முழங்கால் வரை தொங்கும் ஜெர்சியில்.

பல்லடம் ரோட்டில் மைதானம். ஆடி மாதம்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
காற்றாலைகளைச் சுற்றிவிட்ட கையோடு
எங்களையும் வந்து இடிக்கும்.
கோடு போடத் தூவிய சுண்ணாம்பு
பக்கத்துச் சோளக்காட்டில் போய் விழும்.
முந்தின நாள் முழுக்கக் குனிந்து குனிந்து
நெருஞ்சி பொறுக்கினோம்.
பொறுக்கியும் ஒன்று மிச்சமிருந்தது,
அதைப் பிற்பாடு என் முழங்கை கண்டுபிடித்தது.

முன்னால் ஓட வேண்டும்,
பந்தைப் பின்னால்தான் கொடுக்க வேண்டும்.
முதல் வாரம் பூராவும் என் கை
இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.
பந்தும் உருண்டை இல்லை.
விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்பது
அதற்கே தெரியாது.

எதிரே ஈரோட்டுக் கல்லூரி.
அவர்களின் மூன்றாம் எண், பெயர் பெர்சியா.
பல்லுறையோடு சிரித்தபோது
வாய் நீலமாக இருந்தது.
அவள் நிழலே என்னைவிட எடை.

ஸ்க்ரம்முக்குள் பந்தை உருட்டுவது என் வேலை.
மூன்றுக்கு மூன்று தலை கோத்து நிற்க,
நடுவில் ஒரு குட்டிக் குகை.
உள்ளே அயோடெக்ஸ் வாசம், அனல் மூச்சு,
யாரோ ஒருத்தி மெதுவாக "முருகா" என்பது.
அங்கே குனிய எனக்கு அதிகம் குனிய வேண்டியதில்லை.

முதல் தடவை பெர்சியா வந்தபோது
நெஞ்சுக்கு நேராக நின்றேன்.
நின்றேன் என்பது பெரிய வார்த்தை.
வானத்தில் ஒரு பருந்து இருந்தது,
அதைச் சாவகாசமாகப் பார்த்தேன்.
தூரத்தில் யாருக்கோ ஐந்து புள்ளி கொடுத்தார்கள்.
"எந்திரிச்சுட்டயா?" ஜஃப்ரின்.
"ம்."
"அப்ப லைன்ல நில்லு."

எழுபது கிலோ மூட்டையை
குடோனில் நானும் நகர்த்தியிருக்கிறேன்.
தூக்கியல்ல,
அடியில் கை கொடுத்து, சாய்த்து.
ஆனால் மூட்டை ஓடி வராது.

இரண்டாம் தடவை
கண்ணை மூடக்கூடாது என்று நினைத்தபடியே மூடினேன்.
கன்னம் அவள் தொடையில் மோதியது,
கைகள் முழங்காலுக்குக் கீழே போய்ப்
பூட்டிக்கொண்டன.
அவள் ஓடினாள்.
நானும் போனேன், மண்ணில், குப்புற.
ஒரு கஜம். இரண்டு.
மூன்றாவதில் அவளுக்கு ஏதோ கணக்குத் தப்பியது.
தென்னை சாயும்போது முதலில் ஒரு நிசப்தம் வருமே,
அது வந்தது.
பிறகு சத்தம்.
பிறகு வாய் நிறையச் செம்மண்,
உப்பும் இரும்புமாக ஒரு ருசி.
பந்து எங்கோ போய்விட்டது.
நான் இன்னும் காலை விடவில்லை.
"விடுறயா?" என்றாள் பெர்சியா.
"விசில் ஊதிட்டாங்களா?"
"அது எப்பவோ."

தோற்றோம். முப்பத்தொன்றுக்கு ஐந்து.
அந்த ஐந்தும் தேன்மொழி
ஓரமாக ஓடிப்போய் வைத்தது.
நான் அப்போது
அவிழ்ந்த ஷூ லேசைத் தேடிக்கொண்டிருந்தேன்.

குழாயடியில் பெர்சியா முழங்கால் கழுவிக்கொண்டிருந்தாள்.
அந்தச் சிராய்ப்பு என்னுடையது.
ஒன்றும் பேசாமல் நகர்ந்து இடம் விட்டாள்.
தண்ணீர் இரண்டு பேரிடமிருந்தும்
ஒரே சிவப்பாக ஓடியது.

"எத்தன கிலோ நீ?"
"அம்பது."
பார்த்தாள்.
"நாப்பத்து மூணு."
"பொய் சொல்ற," என்றாள், "இன்னுங் கூட இருக்கும்."

"ஆமா," என்றேன்.
"எரநூறு கிராம்."