எழுபதாம் ஆண்டு, காலை ஐந்தரை

இந்த ஊரில் கரைகளுக்கே நேரத்தைத்தான் பெயராய் வைத்தார்கள்:
எழுவான், படுவான்.
நடுவே வாவி.
வாவிக்குள் பதினொரு கம்பங்கள்,
பத்து நிமிடத்துக்கு ஒருதடவை
நீரின் உயரத்தை மூன்று இடத்துக்குச் சொல்லும்:
அரசடியில் மருந்துக்கடைக்கு மேலே என் அறைக்கு,
கல்முனையில் நௌபீசின் மாடிக்கு,
அக்கரைப்பற்றில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு.
மூன்றில் இரண்டு ஒத்துக்கொண்டால்
அது நடந்தது.
அவ்வளவுதான் எங்கள் சட்டம்.

நாளைக்குக் கச்சேரியில் கூட்டம்.
அந்த மார்கழி இரவு
முகத்துவாரம் எத்தனை மணிக்கு வெட்டுப்பட்டது?
விடியத்தான் என்கிறார் வட்டவிதானை சோமநேசன்,
அதற்குள் குடலைப்பயிர் அழுகிப்போனதாம்.
பொழுதுபட்ட கையோடு என்கிறார் சங்கத்துப் பெனடிற்,
இறால் முழுக்கக் கடலுக்குப் போனதாம்.
கட்டளைக் கடிதத்தில் இரண்டு மணி.

பாலமீன்மடுக் கம்பத்தைத் தேடினேன்.
பதினொன்று நாற்பது வரை பேசியிருக்கிறது.
பிறகு வெற்று.
சுழியம் இல்லை, வெற்று.
சுழியமென்றால் தண்ணீர் இல்லை,
வெற்றென்றால் சொல்ல ஆளில்லை.
கல்முனையிலும் வெற்று. அக்கரைப்பற்றிலும்.
மூவரும் ஒருவாய்ப்பட
ஒன்றுமே நடக்கவில்லை என்றார்கள்.

கொட்டாவியோடு நௌபீஸ் தொலைபேசியில்:
"எழுபதாம் ஆண்டில பாத்தீங்களா தங்கச்சி?"

மின்கலம் செத்துப் பிழைத்தால்
கம்பத்து மணிக்கூடு
தனக்குத் தெரிந்த முதல் நாளுக்கே போய்விடும்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, தை ஒன்று,
இலங்கை நேரம் காலை ஐந்தரை.

இருந்தன.
நாற்பத்தொரு வரி.
அம்மா பிறக்க இரண்டு வருடம் முன்னர்
போன மாதத்து வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது.
1.62
1.62
1.61
1.48
பிறகு பிடியில்லாத படிக்கட்டு.

அப்போது மணி ஒன்று இருபது.
தொண்ணூறு நாளுக்கு முந்தியதையெல்லாம்
இரண்டு மணிக்கு இயந்திரம் கூட்டி அள்ளும்.
வெள்ளத்தோடு நிறுத்தி வைத்த அந்த விளக்குமாற்றை
இன்று காலை முடுக்கிவிட்டது
நான்தான்.

கல்லடிக் கம்பத்தின் வளைவைப் பக்கத்தில் வைத்து
எழுபதை மெல்ல நகர்த்தினேன்.
ஒரு சறுக்கல் மற்றதில் போய்ப் பொருந்தியது:
நள்ளிரவு பன்னிரண்டு ஐம்பது.
பொழுதுபட்டும் இல்லை, விடியவும் இல்லை,
கடிதம் கையெழுத்தாக இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்தது.

நாற்பத்தொன்றையும் அதன் இரவுக்குள் திருப்பி எழுதினேன்.
ஒவ்வொன்றின் ஓரத்திலும்
'நேரம் திருத்தியது: லோஜனா.'
எழுதும்போது விரல் கூசியது.
திருத்துகிறவளுக்கும் புளுகுகிறவளுக்கும்
விசைப்பலகை ஒன்றுதான்.
அரசடி ஏற்றது, கல்முனை ஏற்றது,
அக்கரைப்பற்றில் கரண்ட் இல்லை.
இரண்டு போதும்.

கச்சேரியில் வாசித்து முடிய
விதானை கேட்டார்:
"மண்வெட்டி ஆர்ட எண்டு அதில கிடக்கா பிள்ளை?"
இல்லை, உயரம் மட்டும்தான்.
பெனடிற் சிரித்தார். விதானையும் சிரித்தார்.
சிரித்து முடித்து இருவருமே
யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

அறிக்கைக்குப் படம் வரைகிறேன்.
பதினொன்று ஐம்பது, பன்னிரண்டு, பன்னிரண்டு பத்து:
மூன்று புள்ளிகள் எந்த ஆண்டிலும் இல்லை.
நேர்கோட்டால் இணைக்கவா என்று திரை கேட்கிறது.

வேண்டாம்.