நான்காவது கட்டம்

குளச்சல் நகராட்சியில்
நாய்ப் புகார்களுக்கென்று ஒரு நீள நோட்டு.
தேதி, பெயர், விவரம்
மூன்றும் என் கையெழுத்து.
நான்காவது கட்டம் 'நடவடிக்கை'.
அது பெரும்பாலும் வெள்ளையாகவே கிடக்கும்.

போன செவ்வாய் தங்கச்சி ரெக்ஸ்லின்
ஒரு படம் அனுப்பியிருந்தாள்.
தோக்கியோவில் நகானோ என்ற இடம்;
வயசானவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை அவளுக்கு.
அந்த ஊர் ஆபீஸ் பக்கம்
நாய்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.
'உன் ஆபீசுல வைப்பாங்களா?'

பிறகுதான் அவனைத் தேடிப் படித்தேன்.
நாய் வருடத்தில் பிறந்தவன். ஐந்தாவது சோகுன்.
பேரரசர் கியோத்தோவில் சடங்குகளோடு இருக்க
நாட்டை எடோவிலிருந்து இவன் ஆண்டான்.
ஒரே மகன் சின்னதிலேயே போய்விட்டான்.
போன பிறவிக் கொலைப் பாவம் என்று
துறவி ஒருவர் சொன்னதாக ஒரு கதை.
அதன் பிறகோ முன்போ, சட்டம் மேல் சட்டம்:
நாயை அடிக்காதே.
நோயில் விழுந்த குதிரையைத் தெருவில் விடாதே.
கைவிடப்பட்ட பிள்ளையை எடுத்துப் பார்.
நகானோவில் வேலி கட்டி அடைத்த நாய்கள்
எண்பதாயிரம் என்கிறார் ஒருவர்,
லட்சம் என்கிறார் இன்னொருவர்.
தினம் அரிசிச் சோறு, கருவாடு.
என்ன கருவாடு என்று பார்த்தேன்.
சாளை.

அங்கே சிரித்துவிட்டேன்.
மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற சூசைமிக்கேல்
தன்னைப் பார்த்துச் சிரித்ததாக எடுத்துக்கொண்டார்.
அவர் புகார்: மணலில் காயப்போட்ட சாளை, இரண்டு கூடை.
"கடலு கொண்டுபோனா கேக்கமாட்டேன் மக்கா.
கண்ணுக்கு நேரே நாயில்லா கொண்டுபோவுது."

அந்த அரிசிக்குக் காசு எடோ வீட்டுக்காரர்கள் கட்டிய வரி.
நாய்க்கு வெள்ளைச் சோறு, நமக்கு எப்போ என்று
எவனாவது முனகியிருப்பான்.
முனகலை எழுதவும் ஒரு நோட்டு இருந்திருக்கும்,
அதிலும் கடைசிக் கட்டத்தின் மேல்
ஒரு தூரிகை காய்ந்துகொண்டு நின்றிருக்கும்.

வியாழக்கிழமை
கொட்டில்பாட்டு டெல்பினா மகனைத் தூக்கி வந்தாள்.
ஒன்றாம் வகுப்பு. கெண்டைக்கால் சதை.
ஆசாரிப்பள்ளத்தில் முதல் ஊசி போட்டாயிற்று.
பையன் அழவில்லை. கட்டுப் போட்ட காலை நீட்டி
என் ஸ்டாப்ளரைக் கேட்டான்.
அம்மாதான், குரல் உயர்த்தாமல்,
"ஒண்ணு அதுவ இருக்கட்டும், இல்ல நாங்க" என்றாள்.

அன்று முழுக்க அந்தச் சோகுன் மேல் எனக்குக் கோபம்.
கருணையைக் காவலாளி கையில் கொடுத்தவன்.
நாயைக் கொன்றவன் தலை போயிற்றாம்;
இந்தக் கால்
அவன் கணக்கில் எந்தப் பக்கம் வரும்?

மூன்று மணிக்குக் கவுன்சிலர்.
"ராத்திரியோட முடிச்சிரலாம் மேடம்."
சட்டைப் பையில் ஒரு பொட்டலம் புடைத்திருந்தது.
சட்டம் இருக்கிறதே என்றேன்.
பிடிக்கணும், ஊசி, கருத்தடை,
பிடித்த இடத்திலேயே விடணும்.
"வண்டி?"
வண்டி நாகர்கோவிலில் பழுதாகி நிற்கிறது.
பொட்டலத்தை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அம்மை கண்டு செத்தான் அவன்.
எனக்குப் பின்னும் இது நிற்கட்டும் என்று கேட்டானாம்.
துக்கம் ஆறும் முன்பே சட்டம் போயிற்று,
வேலியும் போயிற்று.
அத்தனை நாய்களும் எங்கே போயின?
நான் படித்த எதிலும் இல்லை.
முப்பது வருடத்து ஆட்சியில்
எனக்குத் தெரியவேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஏலம் முடிந்த மணலில், ஆறு மணிக்கு,
செவலை ஒன்று, மடி தொங்க,
குறுக்கே நின்றது.
எடோவில் நாயை மரியாதையாகத்தான் கூப்பிடணுமாம்.
சுற்றிப் பார்த்தேன். யாருமில்லை.
"தள்ளுங்க" என்றேன்.

தள்ளவில்லை.
நான்தான் சுற்றிப் போனேன்,
என் கெண்டைக்காலை நினைத்துக்கொண்டே.