வருகைப் பதிவேடு

நங்கநல்லூரில் ஒருவர் இருக்கிறார், நாலாம் மாடி,
கேட்டால் சொல்வார் என்றாள் எழிற்செல்வி.
இதற்குமுன் ஐந்து பேரைக் கேட்டாயிற்று.
ஒருவர் ஆண்டுச் சந்தா கேட்டார்.

வாசலில் நோட்டு, நூலில் கட்டிய பேனா.
பெயர். எங்கிருந்து. யாரைப் பார்க்க.
எனக்கு மேல்வரியில் தண்ணீர் கேன்காரர்,
அதற்கும் மேலே பிரியாணி கொண்டுவந்த பையன்.
இருவருமே தயங்கவில்லை.

'எங்கிருந்து'வில் என் பேனா நின்றுவிட்டது.
மொட்டைமாடிக் கொடிகளை உரசுவதுபோல்
ஒரு விமானம் இறங்கிப்போனது.

"அவரு ஊர்ல இல்லம்மா" என்றார் வாட்ச்மேன்.
"பக்கத்தை வீணாக்காம
எழுதினதை முடிச்சிட்டுப் போ."

முடித்தேன்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இரண்டு கட்டத்திலும் ஒரே பேரா என்று
அவர் கூப்பிட்டுக் கேட்டபோது
பழவந்தாங்கல் ரயிலுக்கு நேரமாகியிருந்தது.
'வெளியே' என்ற கட்டத்தை
நிரப்பாமல் வந்திருக்கிறேன்.