வெடிக் கணக்கு

வனஜீவராசிக் காரியாலயத்தில்
மாதம் பன்னிரண்டு யானைவெடி தருகிறார்கள்.
ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து.
தம்பிராசா என்று போடுகிறேன்,
அம்மா வைத்த பெயர்.
மற்றப் பெயர் வேழன்.
அதை எழுதியிருந்த கடைசிக் காகிதம்
தாந்தாமலைக்கு அங்கால் ஒரு குளத்தில் கரைந்தது.

போன கிழமை ஒரு பெடியன் வந்தான்,
பல்கலைக்கழகமாம், ஒலிப்பதிவுக் கருவியோடு.
"சண்டையை நிப்பாட்டின முடிவை
எப்ப எடுத்தீங்க?"
வெள்ளிக்கிழமை விடிய என்றேன்.
எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்,
தடுப்பில் கேட்ட அதிகாரிக்கும்
கட்டின மனுசிக்கும்.

வெள்ளி விடியப் பனி.
வோக்கியை வாயோடு ஒட்டிப் பிடித்து
"கடை பூட்டியாச்சு.
சாமானைத் தண்ணியில போட்டிட்டு வீட்ட போங்க" என்றேன்.
நாலு இடத்திலும் பதில் இல்லை.
பிறகு மாதுமை மட்டும்
"விளங்கல்ல, திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.
இரண்டாம் தரம் சொல்வதுதான் கஷ்டம்.
அறுபத்தொரு பேர் வயலுக்குள் இறங்கி
சாரமும் சட்டையுமாய் ஊர்களுக்குள் போனார்கள்.
அந்தப் பக்கத்துச் சண்டை அவ்வளவுதான்,
சோளக் காவலில் இருந்தவன் எழும்பிப் போன மாதிரி.

மாதுமை இப்போது களுவாஞ்சிக்குடியில் தையல்.
சித்திரைக்குச் சித்திரை ஒரு சட்டி தயிர் கொண்டுவருவாள்.
"அண்ணன் அண்டைக்குச் சொல்லாட்டி" என்று தொடங்குவாள்.
நான் தயிரை உள்ளே வைக்கப் போய்விடுவேன்.
மகிழடித்தீவுச் சந்தியில் ஒருத்தர்
என்னைக் கண்டால் துப்புவார்.
அவருக்கும் வெள்ளிக்கிழமையில்தான் கோபம்.
செவ்வாய் தெரிந்தால்
எந்தப் பக்கம் துப்புவாரோ.

செவ்வாய் பின்னேரம், குளக்கட்டில்,
பெட்டியைத் திறந்து ரவை எண்ணினேன்.
எண்ணி முடிக்கத் தேவைப்படவில்லை.
கட்டுக்குக் கீழே ஒருவன் மீன் பொரித்துக்கொண்டிருந்தான்,
உப்பில்லை என்று மற்றவன் ஏசினான்.
அப்போதே தெரியும்,
பசி தெரிகிற மாதிரித் தெரியும்.
பிறகு மூன்று இரவு காத்திருந்தேன்,
மேலிருந்து யாராவது சொல்லட்டும் என்று.
சொன்னால் அது அவர்களுடைய சொல்,
நான் வெறும் வாய்.
வோக்கியில் இரைச்சல் மட்டும்.

அந்த மூன்று இரவில் நாலு பேர்.
மீன் பொரித்தவன்.
உப்புக் கேட்டவன்.
நாற்பதாம் கொலனிப் பிள்ளை ஒன்று, பெயரை நான் கேட்டிருக்கவில்லை.
வியாழன் இரவு, யோகவதியக்காவின் குலேந்திரன்.

பெடியனின் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தபடி.
"வேற ஏதும் சொல்ல இருக்கா?"
தேத்தண்ணி ஆறுது தம்பி என்றேன்.

யோகவதியக்கா வீடு மின்வேலியோடு ஒட்டினது.
யானை வந்தால் முதலில் எனக்குத்தான் அடிப்பா.
மகனைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமை என்று
அவவுக்கும் சொல்லியிருப்பேன்.

நேற்று இரவு ரெண்டு மணி.
தனியன், கொம்பில்லாதது,
அவவின் வாழைக்குள் நின்றது.
என்னிடம் ஒரு வெடிதான் மிச்சம்.
குச்சியை உரசப் போகக் கையைப் பிடித்தா.
"இப்ப போட்டா அங்கால பாயும்.
அங்கால வாடிக்குள்ள காவல் பிள்ளையள் படுத்திருக்கு."
"அப்ப?"
"திண்டிட்டுத் திரும்பும். திரும்பக்குள்ள போடுங்க."

நின்றோம்.
குருத்து முறிகிற சத்தம்,
ஒவ்வொரு மரமாக, அவசரமில்லாமல்.
திரும்புகிறதா, இன்னும் இல்லையா,
இருட்டில் எனக்குப் பிடிபடவில்லை.
"இப்பவா அக்கா?"

அவ வாழையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா.
"என்னட்ட ஏன் கேக்கிறீங்க," என்றா,
"உங்களுக்குத் தெரியும்தானே, எப்ப எண்டு."

தீக்குச்சி வியர்வையில் நனைந்திருந்தது.
யானை அடுத்த மரத்துக்கு நகர்ந்தது.