மசிதல்

வெள்ளிக்கிழமைப் பட்டாணியை
வியாழன் இரவே ஊறப்போட்டுவிட வேண்டும்.
முற்றிக் காய்ந்த பெரிய பட்டாணி,
முழங்கைத் தோல் மாதிரி சுருங்கியது.
கொதித்த தண்ணீரில் சோடா மாத்திரை இரண்டு போட்டால்
இருட்டில் கொஞ்ச நேரம்
தனக்குத்தானே முணுமுணுக்கும்.
காலையில் மூடியைத் திறந்தால் ஒரே நுரை.
ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு,
யார் சொன்னதையோ நம்பிவிட்டதைப் போல.

பாட்லி முதியோர் இல்லத்துச் சமையலறையில்
எனக்கு இது பதினோராவது வருஷம்.
விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் ஒன்பது பேர்.
அவர்களுக்கு எல்லாவற்றையும் அரைத்து
அச்சில் வார்த்துத் தர வேண்டும்.
கேரட்டை அரைத்துக் கேரட்டாக,
மீனை அரைத்து மீனாக
(வாலுக்குக்கூட அச்சில் இடம் உண்டு).
பட்டாணி மட்டும் வேஷம் கட்டுவதில்லை.
பல் இருப்பவர் தட்டிலும் இல்லாதவர் தட்டிலும்
அதே பச்சைச் சேறு.
மேலாளர் ஒருநாள்
இதற்கும் ஓர் அச்சு வாங்கலாமா என்றார்.
நான் பார்த்த பார்வையில்
வந்த வழியே போனார்.

ஏழாம் அறை. ஈனிட் ஹெப்வொர்த்.
முதல் பெயரால் கூப்பிட வேண்டும் என்பது இங்கே விதி.
எனக்கு வாயில் வருவதில்லை.
திருமதி ஹெப்வொர்த் என்றே வருகிறது,
கூடவே கொஞ்சம் வயிற்றுக் கலக்கமும்.

எழுபத்தொன்றில் எனக்கு எட்டு வயது.
பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில்
அவள் கையில்தான் கரண்டி.
டப்பா இறைச்சி பஜ்ஜி, பக்கத்தில்
தொப்பென்று பட்டாணி.
விழுந்த இடத்தில் விழுந்த வடிவில் நிற்கும்.
தட்டு காலியானால்தான்
சாக்லேட் கேக், அதன் மேல் ரோஸ் நிற கஸ்டர்ட்.
ஜில் பாரக்லஃப் நக்கிய தட்டோடு
என்னைத் தாண்டிப் போவாள்.
மேஜைகளை மடக்கிவிடுவார்கள், என்னுடையதைத் தவிர.
மைதானத்தில் கயிறு சுழலும் சத்தம்.
கடிகாரம் இரண்டு.
பட்டாணி ஆறி, மேலே ஏடு கட்டி,
ஓரம் வெடிக்கத் தொடங்கும்.
"சாப்பிடாமல் எழுந்திருக்க முடியாது."
அவள் மசியமாட்டாள்.
நானும்தான்.
ஒருநாள் அத்தனையையும்
ஸ்வெட்டர் கைக்குள் வழித்துக்கொண்டு
நெஞ்சோடு கையை மடக்கி வீடுவரை நடந்தேன்.
அம்மா அடித்த அடி ஸ்வெட்டருக்காக.

இன்று ஆள் குறைவு. ஊட்டுவதும் நானே.
ஒரு வாய் போனது. கன்னத்தில் ஒதுங்கியது.
துடைத்தேன்.
அடுத்த கரண்டிக்கு உதடு பூட்டிக்கொண்டது.
எண்பத்தெட்டு வயது உதடு,
சுருக்குப் பை இழுத்த மாதிரி.
மீன் வந்தால் திறக்கிறது. உருளை வந்தால் திறக்கிறது.
பச்சையைக் கண்டால் பூட்டு.
என்னை அவளுக்குத் தெரியாது.
எந்தக் கெய்னரையும் தெரியாது.

எனக்கு இன்னும் நாலு அறை பாக்கி.
"சாப்பிடாமல் எழுந்திருக்க முடியாது,"
என்றது என் வாய்.
அவளால் எழுந்திருக்கவே முடியாது என்பது
சொன்ன பிறகுதான் உறைத்தது.
அவள் என்னைப் பார்த்தாள்.
கயிறு சுழலும் சத்தம் எனக்கு மட்டுமா கேட்டது?

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.
கஸ்டர்ட் பொடியில் ரோஸ் இல்லை.
இருந்த மஞ்சளில் ஒரு சொட்டுச் சிவப்பு விட்டுக்
கிளறி, வடிகட்டி, எடுத்துப் போனேன்.
கிண்ணம் முழுவதும் தின்றாள்.
கடைசியில், தெளிவாக,
"கட்டி தட்டியிருக்கிறது" என்றாள்.
பொய். நானே வடிகட்டியது.

சமையலறையில் அந்தத் தட்டு அப்படியே இருந்தது.
ஏடு கட்டியிருந்தது.
வினிகரைக் கவிழ்த்து, நின்றபடியே,
அவள் கரண்டியாலேயே தின்றேன்.
மோசமில்லை. உப்புதான் ஒரு கல் குறைவு.
இருபது வருஷம் அள்ளிப் போட்டவள்
இதை ஒரு வாயாவது தின்றிருப்பாளா?

பலகையில் ஏழாம் அறைக்கு நேரே
"பட்டாணி வேண்டாம்" என்று எழுதினேன்.
பக்கத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம்.
ஒவ்வாமை, மருந்து, மதம் என்றெல்லாம்
மற்றவர்களுக்கு எழுதியிருந்தது.
நான் எழுதினேன்:
பிடிக்காது.